பதினான்கு அறைக்கும் அந்தி விளக்கு

சர்ர்ர்... டொக். சர்ர்ர்... டொக்.

இருட்டியதும் அந்தச் சத்தம் இன்றும் வந்துவிட்டது. சுவரை எதுவோ உரசிக்கொண்டு வருகிறது, நடுநடுவே தரையில் ஒரு தட்டு. மாடியில் நின்ற தில்லைநாயகம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். சாத்திய அறைகளின் தாழ்ப்பாள்களையெல்லாம் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன.

மொரிஷியஸ் தீவின் மேற்குக் கரையில், எந்தக் காலத்திலோ ஒரு கரும்புத் தோட்டத்துத் துரை கட்டிய வீடு அது. கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றதும் தில்லைநாயகம் அதை வாங்கி, மனைவி நாச்சியாரோடு குடியேறினார். பிள்ளைகள் லீவுக்கு வந்தால் ஆளுக்கொரு அறை வேண்டுமே என்று பதினான்கு அறை. பிள்ளைகள் போனில் மட்டும் வந்தார்கள்.

சத்தத்தைப் பற்றி அவர் நாச்சியாரிடம் மூச்சு விடவில்லை. பயந்துவிடுவாளே. அந்த வாரம் ஊரிலிருந்து வந்து அவர் வீட்டில் தங்கியிருந்த குருவிடம்தான் சொன்னார்.

குருவின் பெயர் முத்தம்மை. சீடரைவிட இருபது வயது இளையவர். "உங்க குருவுக்குப் பாதி நரைகூட வரல, உங்களுக்கு முழு வழுக்கை" என்று நாச்சியார் கேலி செய்வாள்.

"அம்மா, வீட்டுக்குள்ள ஏதோ நடமாடுது. அந்த துரையோட ஆவியோ என்னமோ. எப்படி விரட்டுறது?"

"இருக்கட்டும். நீங்க பொழுதை எப்படிக் கழிக்கிறீங்க ஐயா?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலையில் ஜன்னல்களைத் திறப்பது, வெயில் ஏறினால் சாத்துவது, பித்தளைக் கைப்பிடி துடைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "சாயங்காலம்தான் அம்மா முக்கியம். அந்தியில ஒவ்வொரு அறையிலயும் விளக்கேத்துவேன். கொஞ்ச நேரம் எரிஞ்சதும் மலையேத்திட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டு அடுத்த அறை. ஒரு நாள் தவறினதில்ல."

"எதுக்கு?"

"அந்தியில இருண்டு கிடக்கிற அறையில மூதேவி வந்து குந்திக்குவான்னு எங்கம்மா சொல்லும்."

"உங்கம்மா வீட்டுல எத்தனை அறை?"

தில்லைநாயகம் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு."

குரு எழுந்தார். அடுக்களைக்குப் போனார். அங்கே நாச்சியார் கீரையைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். தில்லைநாயகமும் பின்னாலேயே போனார்.

"இந்தத் தேசத்துக்கு ஏம்மா வந்தீங்க?"

"சூரியன் கடல்ல விழுறதைப் பாக்கத்தான்" என்றாள் நாச்சியார். "நாகப்பட்டினத்துல பொறந்தவ நான். கடல்லேருந்து எழும்புறதைத்தான் பாத்திருக்கேன். ஊருல அது வயக்காட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கும். இவர் கப்பல்லேருந்து வரும்போதெல்லாம் சொல்லுவார், நெருப்புருண்டை தண்ணிக்குள்ள எறங்குற மாதிரி இருக்கும்னு."

"பாத்தாச்சா?"

"எங்க பாக்குறது? அது விழுற நேரமும் இவர் விளக்கேத்துற நேரமும் ஒண்ணு."

"கடல் எங்க ஓடிடப் போகுது?" என்றார் தில்லைநாயகம். "ஒரு நாள் போவோம்."

நாச்சியார் கீரையைக் கீழே வைத்தாள். "கடல் ஓடாது" என்றாள்.

அன்று மாலை அவர் விளக்கோடு மாடியேறிய கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சர்ர்ர்... டொக். தில்லைநாயகம் டார்ச்சோடு ஓடி வந்தார். படிக்கட்டின் கடைசிப் படியில் குரு உட்கார்ந்திருந்தார்.

"அணைங்க."

"அம்மா, கிட்டத்துல கேக்குது!"

"அணைச்சிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். சத்தம் பின்கட்டு நடையில் நகர்ந்து, மூலை திரும்பி, அவர்களைப் பார்த்து வந்தது. ஜன்னலில் விழுந்த நிலா வெளிச்சத்தில் நாச்சியார் தெரிந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. மற்றொரு கையில் இருந்த குடைக்கம்பு தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

"நாச்சியா!"

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"என்ன பண்ற?"

"பழகிக்கிறேன்" என்றாள். "கண்ணுல ஓரமெல்லாம் ஏற்கெனவே போச்சு. நடுவுல கொஞ்சம்தான் மிச்சம். அதுவும் இந்த வருசம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? கைப்பிடி துடைக்கிறதுக்கும் விளக்கேத்துறதுக்கும் நடுவுல அதுக்கும் ஒரு நேரம் ஒதுக்குவீங்க."

குரு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் வெயில் தாழ்ந்தபோது கடற்கரைக்குப் போகத் தில்லைநாயகம் சட்டை மாற்றிக்கொண்டார். நாச்சியார் பூப்போட்ட சேலை கட்டி வாசலில் தயாராக நின்றாள். இருவரும் இறங்கினார்கள். கேட்டுவரை போனவர் வாசலில் நின்ற குருவிடம் திரும்பி ஓடி வந்தார்.

"அம்மா, தீப்பெட்டி பூஜை மாடத்துல இருக்கு."

"சரி."

மறுபடி போனார். மறுபடி வந்தார். "மாடியில கடைசி அறைத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். தூக்கிப் பிடிச்சு இழுக்கணும்."

"சரி."

கேட்டருகில் நாச்சியார் மேற்கே முகத்தைத் திருப்பி நின்றிருந்தாள். "என்னங்க, செவக்க ஆரம்பிச்சிருச்சு" என்று கூப்பிட்டாள். "எனக்குத் தெரியுது."

தில்லைநாயகம் நான்கடி நடந்தார். நின்றார். மூன்றாம் தரமும் வாசற்படி ஏறினார். குரு கதவில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க விளக்கேத்துவீங்கல்ல?"

"நான் இருக்கிற அறையில ஏத்துவேன்."

"மத்த அறையெல்லாம் இருண்டு கிடக்குமே. மூதேவி வந்துட்டா?"

"வரட்டும் ஐயா" என்றார் குரு. "இங்க அறைக்கா பஞ்சம்?"

கதவைச் சாத்தினார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.