தளர்ந்து கிடந்த டோலக்

ஓடைக்கரை மருதமரத்தடியில் ஒரு சிற்றாலயம். ஞாயிறுதோறும் காட்டு விலங்குகள் அங்கே ஆராதனைக்குக் கூடும். பெர்சியாள் ஆடு பாட்டை எடுத்துக் கொடுக்கும். நெகேமியா முயல் டோலக் வாசிக்கும். டோலக்கில் கட்டியிருந்தது ஆட்டுத்தோல். அதனால் பெர்சியாள் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும்.

ஒருநாள் அக்கரையிலிருந்து செப்பனியா என்ற கீரி வந்து, கைத்தாளம் போடச் சேர்ந்தது. அன்று பிடித்தது முயலுக்குக் குடைச்சல்.

டோலக்கின் கயிற்று வளையங்களை இழுத்துவிட்டால் தோல் விறைக்கும், கணீரென்று பேசும். முயல் அப்படி இழுத்துவிட்டுத்தான் வாசிக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு வந்து தட்டினால், 'தொப்!' வளையங்கள் அத்தனையும் தளர்ந்து கிடக்கும்.

"யாரோ கை வைக்கிறாங்கக்கா!" என்று பெர்சியாளிடம் முறையிட்டது முயல்.

"யாரு வைப்பா? நீ சரியா இழுத்திருக்க மாட்ட!"

"இழுத்தேன்க்கா! அந்தக் கீரி வந்த பிறகுதான் இப்படி!"

"வீணா ஒருத்தரைச் சொல்லாத. அறுப்பின் பண்டிகைக்கு யானைப் பேராயர் வர்றாரு. அன்னைக்கு டோலக் சொதப்புச்சுன்னா வேற ஆளைத்தான் உட்கார வைப்பேன்!"

வேற ஆளா? யார் அந்த வேற ஆள்? முயலுக்குச் சோறு இறங்கவில்லை. தாளம் போடும்போது கீரி ஏன் என் விரல்களையே பார்க்கிறது? போன வாரம் எதற்காகச் சிரித்தது?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தது. எல்லோரும் கஞ்சி குடிக்கப் போனார்கள். முயல் போகாமல் ஈச்சம்புதருக்குள் பதுங்கியது. கீரியும் பின்தங்கி நின்றது. அது தலையைத் தூக்கி அங்கும் இங்கும் பார்த்தது. கீரிகள் எப்போதும் அப்படித்தான் பார்க்கும். முயலுக்கு அது திருட்டுப் பார்வையாகப் பட்டது. பிறகு கீரி டோலக் அருகில் உட்கார்ந்து, வளையங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தியது.

'மாட்டிக்கிட்டியா!' என்று முயல் பல்லைக் கடித்தது. ஆனால் வெளியே வரவில்லை. 'இரு, உன் தந்திரத்தை நானும் தந்திரமாகவே முறிக்கிறேன்!'

சற்று நேரத்தில் கீரியே அதனிடம் வந்தது. "அண்ணே, டோலக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"எனக்கு நேரமில்ல தம்பி!"

மறுநாள் வந்து அதையே சொன்னது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

அன்றைக்கே முயல் டோலக்கைத் தூக்கிக்கொண்டு போனது. வளையங்களை இறுக இழுத்து, தன் பாறை இடுக்கில் ஒளித்து வைத்தது. ஆறு நாளும் சுள்ளென்று வெயில்; பாறையே கொதித்தது.

பண்டிகை வந்தது. காணிக்கையாக வாழைத்தாரும் கரும்பும் பூசணியும் குவிந்தன. பேராயர் முன்வரிசையில் காதை வீசிக்கொண்டு அமர்ந்திருந்தார். டோலக் கணீர் கணீரென்று பேசியது. முயல் கீரியைப் பார்த்து, 'எப்படி?' என்பதுபோலப் புருவத்தைத் தூக்கியது.

இரண்டாம் சரணத்தில், 'பட்!'

தோல் குறுக்காகக் கிழிந்துவிட்டது!

"அண்ணே, வளையத்தைத் தளர்த்தாமலா வெச்சிருந்தீங்க?" என்று பதறியது கீரி.

"தளர்த்தணுமா?"

"விறைப்பாவே விட்டா வெயிலுக்குத் தோல் கிழிஞ்சிடுமே! எங்க அக்கரை ஆலயத்துல மூணு டோலக் அப்படித்தான் போச்சு. அதான் ஆராதனை முடிஞ்சதும் நானே தளர்த்திவிடுவேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"ரெண்டு தடவை வந்தேனே!"



"பாட்டு நிக்குது! பேராயர் பார்க்கிறாரு!" என்று சீறியது பெர்சியாள்.

கீரி காணிக்கைக் குவியலிலிருந்து ஒரு பெரிய பூசணிக்காயை உருட்டி வந்து முயலின் முன்னால் நிறுத்தியது. "இதைத் தட்டுங்கண்ணே. நான் தாளத்தை விடாமப் பிடிச்சுக்கறேன்."

'தொம், தொம்' என்றது பூசணி. பாட்டு முடியும்வரை முயல் தலையை நிமிர்த்தவே இல்லை.

நேரில் கேட்டுத் தெளியாமல் ஒளிந்திருந்து பார்ப்பவருக்கு, கண்ணெதிரே நடக்கும் உதவியும் சூழ்ச்சியாகவே தெரியும்.