வியாழக்கிழமைக் கூட்டம்

ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்த குற்றாலிங்கம் மடத்துக்குத் திரும்பினார். கல்லீரல் பெரும்பாலும் போய்விட்டது, குடியை விடாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மடத்தில் ஒருவராலும் நம்ப முடியவில்லை. அதுவரை அவர் கை நடுங்கியதை அருள் என்றார்கள். கண் சிவந்திருந்ததை இரவெல்லாம் தியானம் என்றார்கள். பூசைக்கு நடுவே தள்ளாடினால் முன்வரிசையில் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு கூலிக்காரர் அப்படித் தள்ளாடியிருந்தால் வாசலோடு துரத்தியிருப்பார்கள். அவர் வாயில் எப்போதும் மணத்த பச்சைக் கற்பூரம் எதை மறைக்க என்று யாரும் கேட்டதில்லை.

குரு உலகம்மையும் கேட்டதில்லை. சீடரான குற்றாலிங்கத்தைவிட வயதில் மிகவும் இளையவர் அவர்.

“அம்மா, ஒரு மந்திரம் குடுங்க. இதை விட்டுத் தொலைக்கணும்,” என்றார் குற்றாலிங்கம்.

“அதுக்கு என்கிட்ட மந்திரம் இல்லையே.”

“அப்ப நான் சாக வேண்டியதுதானா?”

அம்மை எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

பொழுது சாய்ந்தபின் திரும்பி வந்தார். கால் வீங்கியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“மாதா கோயிலுக்குப் பின்னால தையல் வகுப்பு நடக்கிற அறை ஒண்ணு இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம், குடியை விடணும்னு நினைக்கிறவங்க அங்க கூடுறாங்க. போங்க.”

“மாதா கோயிலா? நான் சைவனாச்சே.”

“உங்க கல்லீரல் சைவமா?”

குற்றாலிங்கம் பேச்சை மாற்றினார். “யார் சொன்னது இதை?”

“மருந்துக்கடையில கேட்டேன், மதுரைக்குப் போகச் சொன்னாங்க. பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டேன், நாளைக்கு வரச் சொன்னாங்க. கடைசியில பைபாஸ்ல இருக்கிற மதுக்கடைக்குப் போனேன்.”

“இந்தக் காவியோடயா?”

“வேற துணி ஏது எனக்கு? வாசல்ல நின்னவங்ககிட்ட, ‘இங்க வந்துட்டிருந்தவங்க வர்றதை நிறுத்திட்டா எங்க போறாங்க?’ன்னு கேட்டேன். உடனே சொல்லிட்டாங்க. ஒருத்தர் கூட வந்து காட்டுறேன்னார். பாவம், அவரால நிக்க முடியலை.”

“ஊரே சிரிக்குமே, அம்மா.”

“சிரிச்சாங்க. ‘சாமிக்கு எந்த பிராண்டு?’ன்னு கேட்டாங்க. அதையெல்லாம் பார்த்தா முடியுமா?”

வியாழக்கிழமை வந்தது. காலையில் அம்மை அவருக்குத் திருநீறு கொடுத்தார். சாயங்காலம் அவர் போனார். கூட்டம் முடிந்ததும் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“அங்க ஒண்ணும் இல்லைம்மா. பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன டீ. ஒவ்வொருத்தனா எழுந்து பேரைச் சொல்றான், ‘நான் குடிநோயாளி’ங்கிறான், தன் கதையைச் சொல்றான். மத்தவன் கொட்டாவி விட்டுக்கிட்டே கேட்கிறான். யாரும் யாருக்கும் புத்தி சொல்றதில்லை. அது அங்க வழக்கமாம்.”

“நீங்க பேசினீங்களா?”

“பேசாம இருப்பேனா? ஆணவம், கன்மம், மாயை மூணையும் விளக்கினேன்.”

“கேட்டாங்களா?”

“பக்கத்துல ஒரு லாரி டிரைவர், அந்தோணிசாமின்னு பேரு. பாதியில தொடையைத் தட்டி, ‘சாமி, எத்தனை மணிக்குப் போட்டீங்க?’ன்னான்.”

“போட்டிருந்தீங்களா?”

குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார்.

“கொஞ்சம்தான். அங்க போறதுக்கே ஒரு தைரியம் வேணும்ல.”

“காலைல திருநீறு குடுக்கும்போது கேட்டேன். தொடலைன்னீங்க.”

“சொன்னேன்.”

அம்மை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்றைய தினத்தின் அலுப்பு மட்டுமல்ல அது.

“வெளியே போகச் சொன்னாங்களா?”

“இல்லை. போட்டுட்டு வந்தா பேசக் கூடாதாம், உட்கார்ந்து கேட்கலாமாம். இன்னொரு டீயைக் கையில குடுத்து உட்கார வெச்சுட்டாங்க. ‘அடுத்த வியாழனும் வாங்க சாமி’ன்னான் அந்த டிரைவர்.”

“போங்க அப்ப.”

“நான் என்ன கேட்கிறேன்னா,” என்று குற்றாலிங்கம் குரலை உயர்த்தினார். “அவங்களுக்குப் பதிகம் தெரியுமா, சாத்திரம் தெரியுமா? அதுல பாதிப் பேர் விட்டுட்டுத் திரும்ப விழுந்தவங்க. தானே எழுந்து நிக்க முடியாதவன் அடுத்தவனை எப்படித் தூக்குவான்? இதுல என்ன நியாயம் இருக்கு?”

குற்றாலிங்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

“நான் எங்கேயும் போகலை. இங்கேயே உங்க காலடியில கிடக்கிறேன். தினமும் காலைல உங்க முன்னால வந்து நின்னு, குடிக்கலைன்னு சொல்றேன். அது போதாதா?”

“போதாது.”

“ஏன் போதாது? உங்ககிட்ட இல்லாதது அந்த லாரி டிரைவர்கிட்ட என்ன இருக்கு?”

அம்மை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

“நீங்க சொன்னா, நான் நம்பிடுவேன்.”