சுடலைமணி மாட்டிய டர்போ

"டீச்சர், என் வண்டி ஆயிலைக் குடிக்குது. ஏன்னு சொல்லுங்க."

கேட்டவர் சுடலைமணி. வயது ஐம்பத்தொன்று. ஆனைமலைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவர்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. வளர்மதி என்று பெயர். முப்பத்தாறு வயது. மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு லாரிகளின் டர்போக்களைப் பழுது பார்க்கிறவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பத்துக் கேள்வி கேட்பார். அதனால் டிரைவர்கள் வைத்த பெயர் அது.

வெளியே ஜீப் நின்றது. அதன் பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு நீலப் புகை.

"டர்போவை யாருங்ணா மாட்டுனது?"

"நான்தான். காயலான் கடையில எடுத்தேன். செல்போன்ல வீடியோ பாத்து நானே மாட்டிட்டேன்."

டர்போ என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். காற்று கூடினால் இழுவை கூடும். வீடியோவில் இதெல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வீடியோவில் யாருக்கும் எதுவும் கெட்டுப்போவதில்லை.

"உங்க வண்டிக்கு எதுக்குங்ணா டர்போ?"

சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"போன ஆவணியில எம் பொண்டாட்டி பேச்சித்தாய் இந்த வண்டியிலயே போய்ச் சேந்துட்டா. நெஞ்சு வலி. பதினேழாம் வளைவுல உசுரு போச்சு. வண்டி இழுக்கல டீச்சர். இன்னும் கொஞ்சம் வெரசாப் போயிருந்தா பொழச்சிருப்பா. இனிமே எங்க எஸ்டேட்ல ஒருத்தருக்கும் அந்தக் கதி வரக் கூடாது."

எஸ்டேட்டில் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. நானும் கலங்கியவன்தான்.

வளர்மதி கலங்கவில்லை. ஒரு ரப்பர் குழாயை எடுத்து அதன் ஒரு முனையில் புனலைச் செருகினார்.

"மறு முனையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்ணா."

சுடலைமணி பிடித்தார். வளர்மதி இடுப்பளவில் புனலை வைத்துக்கொண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். குழாய் நிரம்பியது. புனல் வழிந்தது. சுடலைமணியின் வேட்டியெல்லாம் நனைந்தது.

"எங்கீங்ணா போகும் தண்ணி?"

சுடலைமணி சட்டென்று குனிந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தார். டர்போவிலிருந்து ஆயில் கீழே வடிய வேண்டிய குழாயை, இடம் போதவில்லை என்று அவர் மேல்நோக்கி வளைத்து விட்டிருந்தார். வடிய வழி இல்லாத ஆயில் எஞ்சினுக்குள் போய் எரிந்துகொண்டிருந்தது.

"புரிஞ்சுது டீச்சர்."

"என்னங்ணா புரிஞ்சுது?"

"குழாய்."

வளர்மதி சொம்பை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

*

தை மாதம் மறுபடியும் வந்தார். ஜீப்பை ஒரு லாரி கட்டி இழுத்து வந்தது.

"டீச்சர், கேஸ்கட் போயிருச்சு. எஞ்சின் தலையும் விரிசல் விட்டிருக்கு. காயலான் கடைக்காரன் ஏமாத்திட்டான்."

வளர்மதி பானட்டைத் திறந்து பார்த்தார். டர்போவின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி உண்டு. அழுத்தம் அளவுக்கு மீறினால் அது தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். அந்த மூடி அசையாதபடி கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இதுவும் காயலான் கடைக்காரரு கட்டுனதுங்ளா?"

"இல்ல. நான்தான்."

"ஏனுங்ணா?"

"ஏத்தத்துல நல்லா இழுக்கிற நேரம் பாத்து அது தொறந்துக்குது. அவ்வளவும் வீணாப் போகுது."

வளர்மதி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வீட்ல சோறு யாருங்ணா ஆக்கறது?"

"இப்ப நான்தான்."

"குக்கர்லயா?"

"ஆமா."

"விசில் வந்தா ஆவி வீணாப் போகுதுன்னு கம்பி போட்டுக் கட்டுவீங்ளா?"

சுடலைமணி குறடை எடுத்துத் தானே அந்தக் கம்பியை வெட்டினார். முறுக்கி முறுக்கி, ஏழெட்டுச் சுற்று கட்டியிருந்தார். வெட்டி முடிக்க நேரமானது.

"இந்த எஞ்சின் இதுக்குன்னு செஞ்சது இல்லீங்ணா. டர்போவைக் கழட்டிப் போட்டுட்டுப் பழையபடி ஓட்டுங்க" என்றார் வளர்மதி.

"மாட்டேன் டீச்சர். பேச்சித்தாய் மேல ஆணை. இன்னும் என்ன தப்புப் பண்ணிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. சரி பண்ணிக்கிறேன்."

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. வளர்மதிக்கு வந்ததா என்று தெரியாது. விரிசல் விட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

*

மூன்றாவது முறை சுடலைமணி பஸ்ஸில் வந்தார். வலது கையில் முழங்கைவரை கட்டு. இடது கையில் ஒரு சாக்குப் பை. பைக்குள் டர்போ.

"சாவியை எடுத்துட்டேன் டீச்சர்" என்றார்.

"உக்காருங்ணா."

"சாவி என் கையில இருந்துச்சு. வண்டி நிக்கல."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் மீதியைச் சொன்னார்.

சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஏழு பெண்கள் ஜீப்பில் இருந்தார்கள். மலையேறும்போது இருபத்திரண்டாம் வளைவில் எஞ்சின் தானாக அலற ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், அடங்கவில்லை. சாவியைத் திருப்பி எடுத்தார், அப்போதும் அடங்கவில்லை. அலறல் ஏறிக்கொண்டே போனது. ரோடு முழுக்கப் புகை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பெண்கள் கத்தினார்கள். கியரோடு பிரேக்கை மிதித்து, பாறையில் முட்டித்தான் வண்டியை நிறுத்த முடிந்தது. அதற்குள் அந்த ஏழு பேரில் ஒருத்தி, ராக்காயி, வெளியே குதித்துவிட்டாள்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"இடுப்பெலும்பு. உசுரு இருக்கு. இனிமே எழுந்து நடக்க மாட்டாளாம்."

"உங்க கை?"

"பானட்டைத் தொறந்தேன். நெருப்பு."

வளர்மதி சாக்கிலிருந்து டர்போவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். அது சுற்றவில்லை, ஆடியது. உள்ளே தார் மாதிரி கருகிய ஆயில்.

"மேல போய்ச் சேந்ததும் உடனே எஞ்சினை அணைச்சிருவீங்ளா?"

"ஆமா. பின்ன?"

"கொதிக்கக் கொதிக்க அணைச்சா உள்ள நிக்கற ஆயில் கருகும். கருகுனா ஆயிலைத் தடுக்கற சீல் தேயும். தேஞ்சா எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிச்சு ஓடும். டீசல் அதுக்கு வேண்டியதே இல்லீங். சாவியை எடுத்தா நிக்கறது டீசல் மட்டுந்தானுங்ணா."

சுடலைமணி தலையாட்டினார். அப்புறம் அவர் கேட்டதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

"அப்ப அணைக்கிறதுக்கு முன்னால ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடணும். அவ்வளவுதான? இன்னொரு டர்போ பாத்து வெச்சிருக்கேன் டீச்சர். இந்தத் தடவை ஒரு தப்பும் வராது. நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்தாப் போதும். எஸ்டேட்ல ஒரு புள்ளைத்தாச்சி இருக்கா. வர மாசம் அவளை நான்தான் கூட்டிட்டு வரணும். பேச்சித்தாய்க்கு ஆனது மாதிரி அவளுக்கு ஆயிரக் கூடாது."

வளர்மதி கையைத் துடைத்தார். ஒரு டயரை இழுத்துப் போட்டு, டர்போவை மடியில் வைத்தபடி அவருக்கு எதிரே உட்கார்ந்தார். வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்காவுக்குப் பதினேழாம் வளைவுலதான உசுரு போச்சு?"

"ஆமா."

"அப்ப வண்டி மேல ஏறிட்டு இருந்துச்சுங்ளா, கீழ எறங்கிட்டு இருந்துச்சுங்ளா?"

"ஆஸ்பத்திரி கீழதான டீச்சர் இருக்கு. கீழதான் எறங்கி…"

பாதியில் நின்றுவிட்டார்.

இறக்கத்தில் எந்த வண்டிக்கும் இழுவை தேவையில்லை. சும்மா விட்டாலே ஓடும், பிரேக்தான் வேண்டும். மலையில் முப்பது வருடம் வண்டி ஓட்டிய மனுஷனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"வலிக்குதுன்னு எப்பச் சொன்னாங்க?"

"காலையில. பத்து மணி இருக்கும்."

"எப்ப வண்டி எடுத்தீங்க?"

வெளியே ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயே போய்விட்டது.

"மூணு மணிக்கு."

"அதுவரைக்கும் எங்கீங்ணா இருந்தீங்க?"

"வண்டிக்கு அடியில."

"என்ன பண்ணிட்டு?"

சுடலைமணி வளர்மதியின் மடியில் இருந்த டர்போவைப் பார்த்தார்.

"இதைத்தான் மாட்டிட்டு இருந்தேன். ஏத்தத்துல எல்லாப் பயலும் என்னை முந்திட்டுப் போறானுங்கன்னு வாங்குனது. அன்னிக்கு ரெண்டே ரெண்டு போல்ட்டு பாக்கி. இந்தா முடிஞ்சிரும், கொஞ்சம் பொறுடின்னு சொன்னேன். அவளும் சரின்னு வாசல்ல உக்காந்துக்கிட்டா. ஒரு போல்ட்டு உள்ளயே முறிஞ்சு போச்சு. அதைத் தோண்டி எடுக்க எடுக்க நேரம் போயிருச்சு."

அவர் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. யாரிடமும் சொல்லாததை முதல் தடவை சொல்கிறவரின் குரல் அப்படித்தான் இருக்கும் போல.

"வேற வண்டியே இல்லீங்ளா அங்க?"

"இருந்துச்சு. ராசையா ஜீப்பு பக்கத்து வாசல்லயே நின்னுச்சு. அவனே வந்து கேட்டான். ஏத்தி விடு, நான் கொண்டு போறேன்னு ரெண்டு தடவை வந்து கேட்டான்."

"ஏனுங்ணா அனுப்பல?"

சுடலைமணி இடது கையால் காலிச் சாக்குப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது டர்போ இல்லாத வண்டி, டீச்சர்."