இரண்டு கரையும் ஓர் அழுங்கும்

குழந்தைகளே, மலையடிவாரக் காடு ஒன்றில் கோடைக்கு மிஞ்சுவது ஒரே ஒரு மடுதான். ஆறு வற்றிய பிறகும் பள்ளத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் மடு என்பார்கள். அந்தக் காட்டில் இருந்த எல்லாரும் அதில்தான் குடிக்க வேண்டும்.

தரையில் நடக்கும் விலங்குகள் மடுவின் வடகரையில் குடித்தன. மரத்தில் வாழும் பறவைகளும் குரங்குகளும் தென்கரையில் குடித்தன. தென்கரையில் நாவல் மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்திருந்ததால் அவர்களுக்கு அதுவே வசதி.

கரை இரண்டாக இருந்தது போலக் காட்டின் அவையும் இரண்டாக இருந்தது. ஒன்று தரையவை, மற்றொன்று மரத்தவை. காட்டுக்கு ஒரு சட்டம் வேண்டுமென்றால் இரண்டு அவைகளும் அதை ஏற்க வேண்டும். ஏற்பது மட்டும் போதாது, ஒரே சொற்களில் ஏற்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் அது சட்டம் ஆகாது.

சொற்கள் மாறிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. அவைக்கு ஒருவராக இருவர் போய், மடுவின் நடுவே கிடக்கும் பாறையில் உட்கார வேண்டும். இரண்டு சட்டங்களையும் மனப்பாடமாகச் சொல்ல ஒரு மைனா கூடப் போகும். இரண்டும் ஒன்றாகும் வரை யாரும் பாறையை விட்டு இறங்கக் கூடாது. இரண்டு அவைகளும் ஒரே மாதிரி சொன்ன இடங்களை அவர்கள் தொடக் கூடாது. மாறுகிற இடங்களை மட்டும் பேசித் தீர்க்க வேண்டும்.

கோடையில் அந்தப் பாறை அடுப்புக் கல் போலச் சுடும். அதனால் கோடைச் சட்டங்கள் சீக்கிரமே ஒன்றாகிவிடும்.

அந்தக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில் மூடிய பிராணி அது. கறையானும் எறும்பும் தின்னும். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்தக் காட்டில் வேறு அழுங்கே கிடையாது. அதன் தாய் இறந்து நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அது யாரோடும் அதிகம் பேசியதில்லை. பேச ஆசை இருந்தது. ஆனால் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் வந்தவர் கடந்து போய்விடுவார்.

அந்தக் கோடையில் அழுங்குக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. மாலையில் அது மெல்ல மெல்ல மடுவுக்கு வரும். கரையில் மான்களும் பன்றிகளும் நெருக்கியடித்து நிற்கும். யாருடைய குளம்பாவது மேலே பட்டால் அழுங்கு சுருண்டுகொள்ளும். பிறகு நிமிர நேரமாகும். நிமிர்ந்ததும் இன்னொரு குளம்பு படும். கடைசியில் கூட்டம் கலையும்போது சிறுத்தை வந்துவிடும். அழுங்கு குடிக்காமலே திரும்பிப் போகும்.

இப்படி ஆறு நாள் ஆயிற்று. கறையான் புற்றின் ஈரத்தை நக்கி அது உயிர் பிழைத்தது.

ஏழாம் நாள் ஒரு முயல் இதைக் கவனித்தது. அந்த நேரத்தில் இரண்டு அவைகளும் மடுவுக்கென்று ஒரு கோடைச் சட்டம் செய்துகொண்டிருந்தன. முயல் தரையவையில் எழுந்து, அந்தச் சட்டத்தில் அழுங்குக்காக ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டது. மாலையில் சிறிது நேரம் ஒரு கரையில் மற்றவர்கள் விலகி நின்றால் போதும், அழுங்கு குடித்துவிட்டுப் போய்விடும் என்றது.

காட்டுப்பன்றிக்குச் சிரிப்பு வந்தது.

"இதற்கெல்லாம் சட்டம் எதற்கு? அவன்தான் பந்தாகி விடுகிறானே. மேட்டிலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினால் தானே உருண்டு போய்த் தண்ணீரில் விழுவான்" என்றது.

அவை முழுவதும் சிரித்தது. ஓரத்தில் நின்ற அழுங்கும் சிரித்தது. தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் தவறாக நினைப்பார்களோ என்று அதற்குப் பயம்.

ஆனாலும் தரையவை நல்ல அவைதான். சிரித்து முடித்ததும் எல்லாரும் அழுங்குக்காக இரங்கினார்கள். கரை ஒன்று கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்தக் கரை என்ற பேச்சு வந்தபோது, எல்லாருக்கும் தென்கரைதான் சரியாகப் பட்டது. அது மரத்தவையினர் குடிக்கும் கரை அல்லவா?

சட்டம் மரத்தவைக்குப் போயிற்று. அவர்களும் இரக்கம் உள்ளவர்கள்தான். அழுங்கு பாவம் என்று புறாக்கள் கண் கலங்கின. கரை கொடுக்க வேண்டியதுதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தென்கரை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வடகரை என்று போட்டார்கள்.

சேதி கேட்ட அழுங்குக்கு அன்று முழுக்கத் தூக்கம் வரவில்லை. இரண்டு அவைகளில் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு அவைகளும் தனக்குக் கரை உண்டு என்று சொல்லியிருக்கின்றன. தண்ணீர் குடித்து முடித்ததும் எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணி, சொல்ல வேண்டிய வார்த்தைகளை வளைக்குள் இருந்தபடியே பலமுறை சொல்லிப் பார்த்தது.

மறுநாள் உச்சி வெயிலில் இருவர் நடுப்பாறையில் ஏறினார்கள். தரையவைக்காக நரி வந்தது. மரத்தவைக்காகக் கருமந்தி வந்தது. மைனா பாறையின் உச்சியில் உட்கார்ந்து இரண்டு சட்டங்களையும் சொன்னது.

யாரும் மடுவில் புரளக் கூடாது என்பது முதல் வரி. மடுவில் குடிக்க வந்தவரை யாரும் தாக்கக் கூடாது, சிறுத்தைக்கும் இது பொருந்தும் என்பது இரண்டாம் வரி. இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் யாரும் தொடவில்லை.

மூன்றாம் வரி மாறியது. குட்டிகள் முதலில் குடிக்கட்டும் என்றது தரையவை. குஞ்சுகள் முதலில் குடிக்கட்டும் என்றது மரத்தவை. நரியும் மந்தியும் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, குட்டிகளும் குஞ்சுகளும் முதலில் குடிக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்தார்கள். இருவருக்கும் திருப்தி.

பிறகு நான்காம் வரி வந்தது.

"அழுங்கு குடிக்கத் தென்கரையில் வழி விடுக. இது தரையவை" என்றது மைனா. "அழுங்கு குடிக்க வடகரையில் வழி விடுக. இது மரத்தவை."

மந்தி ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றது. பாறை அவ்வளவு சுட்டது.

"நரியாரே, எங்கள் கரையில் குஞ்சுகள் இறங்குகிற இடமே ஒரு முழம்தான். அதையும் கொடுத்துவிட்டு நாங்கள் எங்கே போவோம்?"

"எங்கள் கரையில் மட்டும் என்ன, மைதானமா கிடக்கிறது? மான் நிற்கவே இடம் இல்லை" என்றது நரி.

இப்படியே பேச்சு நீண்டது. நரி தன் வாலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது. வாலும் சுட்டது. அப்போது அதற்கு ஒரு யோசனை தோன்றியது.

"பங்காளி, நாம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? பெரிய மனதோடு நடந்துகொள்வோம். நான் தென்கரை என்ற சொல்லை விட்டுக்கொடுக்கிறேன். நீர் வடகரை என்ற சொல்லை விட்டுக்கொடும். யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை."

மந்திக்கு அது மிகவும் நியாயமாகத் தோன்றியது. இரண்டு பேரும் சரிசமமாக ஒன்றை இழக்கிறார்களே!

மைனா தயங்கித் தயங்கி வாய் திறந்தது. "கரைதான் மாறுகிறது. அழுங்கு குடிக்க வேண்டும் என்று இரண்டு அவைகளும் ஒன்றாகத்தானே சொல்லியிருக்கின்றன. ஒன்றாகச் சொன்னதைத் தொடக் கூடாது என்பது வழக்கம் ஆயிற்றே."

நரி அதைப் பார்த்துச் சிரித்தது.

"அழுங்கு குடிக்கட்டும். வேண்டாம் என்று நான் சொன்னேனா? ஆனால் கரையே இல்லாமல் அது எங்கே நின்று குடிக்கும்? கரை போனால் வரியும் போயிற்று. சொன்னதைச் சொல்வதற்கு வந்தவள் நீ. யோசிப்பதற்கு நாங்கள் இருக்கிறோம்."

நான்கு வரிச் சட்டம் மூன்று வரி ஆயிற்று. இருவரும் கட்டித் தழுவிக்கொண்டு பாறையை விட்டுக் குதித்து இறங்கினார்கள்.

அன்று மாலையே ஒன்றான சட்டம் இரண்டு அவைகளுக்கும் வந்தது. பாறையிலிருந்து வரும் சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முழுதாகத் தள்ள வேண்டும்.

முயல் எழுந்து, அழுங்கின் வரி எங்கே என்று கேட்டது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்ததில் அது போய்விட்டது என்று நரி விளக்கியது. மீண்டும் பாறைக்கு அனுப்பலாமே என்று முயல் கேட்டுப் பார்த்தது. முந்தின நாள்தான் சிறுத்தை ஒரு மான் குட்டியைக் கரையிலேயே அடித்துத் தூக்கிப் போயிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதமானால் யாருடைய குட்டி போகும் என்று பின்னால் இருந்து ஒரு மான் கேட்டது.

முயலுக்கும் நான்கு குட்டிகள் இருந்தன.

தரையவையில் சம்மதம் என்றால் காதை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு காதாக உயர்ந்தது. முயல் கடைசி வரை காதை மடக்கியே வைத்திருந்தது. பிறகு அதுவும் உயர்த்தியது. அவையிலேயே நீளமான காது அதனுடையதுதான். எல்லாருக்கும் அது தெரிந்தது. மரத்தவையிலும் ஒரு சிறகு கூட எதிராக மடங்கவில்லை.

காடு முழுவதும் ஆரவாரம் எழுந்தது. இப்படி ஒருமனதாக ஒரு சட்டம் வந்ததே இல்லை என்று கிளிகள் கொண்டாடின.

வளைக்குள் இருந்த அழுங்கு அந்த ஆரவாரத்தைக் கேட்டது. தன் வரிக்கும் சேர்த்துத்தான் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்தது. அவசரம் அவசரமாக இறங்கி மடுவுக்கு வந்தது. எந்தக் கரைக்குப் போவது என்று தெரியாமல் மைனாவிடம் போய் நின்றது.

"மைனா அக்கா, சட்டத்தை ஒருமுறை சொல்வீர்களா?"

மைனா மூன்று வரிகளையும் சொன்னது.

அழுங்கு தலையைச் சாய்த்துக் கேட்டது. தனக்குத்தான் சரியாகக் காது கேட்கவில்லை என்று எண்ணி, "இன்னொரு முறை" என்றது.

மைனா மறுபடியும் சொன்னது. இந்த முறை அதன் குரல் தாழ்ந்திருந்தது.

"என் பெயர் வரவில்லையே."

"வராது தம்பி. எடுத்துவிட்டார்கள்."

"நான் ஏதாவது தவறாகக் கேட்டுவிட்டேனா?"

"நீ ஒன்றும் செய்யவில்லை" என்றது மைனா. "இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தார்கள்."

அழுங்கு அதைப் புரிந்துகொள்ள முயன்றது. வடகரையைப் பார்த்தது. மான்கள் தோளோடு தோள் ஒட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. தென்கரையைப் பார்த்தது. கிளைகளில் இருந்து குரங்குகள் குட்டிகளோடு இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கரையிலும் ஒரு சாண் கூடக் காலி இல்லை. விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில்தான் நின்றார்கள்.

முயல் குட்டிகளை விட்டுவிட்டு அதன் அருகே வந்தது.

"நானும் காதை உயர்த்தினேன் அண்ணே" என்றது.

"இருக்கட்டும்" என்றது அழுங்கு. "குட்டிகள் இருக்கின்றனவே."

முயலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டது. "உனக்கு எந்தக் கரை வேண்டி இருந்தது?"

அழுங்கு வியப்போடு அதைப் பார்த்தது. இத்தனை நாளில் யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை.

"எந்தக் கரையானாலும் சரிதான். எனக்கு வேண்டியது தண்ணீர்தானே."

பிறகு அது திரும்பி நடந்தது. நன்றி சொல்வதற்கென்று சேர்த்து வைத்த வார்த்தைகள் மனதில் அப்படியே இருந்தன. அவற்றை யாரிடம் சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் சட்டம் நன்றாகவே நடந்தது. யாரும் மடுவில் புரளவில்லை. சிறுத்தை கூட வரிசையில் நின்றது. அந்தப் பயம் போனதால் இரவிலும் கரையில் கூட்டம் கலையவில்லை. குட்டிகளும் குஞ்சுகளும் முதலில் குடித்தன. நரியும் மந்தியும் எதிர்ப்பட்டால் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டன.

ஒரு நாள் காலையில் முயல் அழுங்கின் வளைக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. வளை வாசலிலிருந்து, வாலை இழுத்துக்கொண்டு போன கோடு ஒன்று, வற்றிய ஆற்று மணலில் மேற்கே போயிருந்தது. வழியில் மூன்று இடங்களில் மணலைத் தோண்டிய குழிகள் இருந்தன. முயல் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தது. மூன்றும் காய்ந்திருந்தன.

கோடு அதற்கு அப்பாலும் போயிற்று. மலைப்பாறை தொடங்கும் இடம் வரை முயல் அதைத் தொடர்ந்து போயிற்று. பாறையின்மேல் கோடு விழவில்லை.

நீதி: இருவர் விட்டுக்கொடுத்து ஒத்துப்போகும்போது, விடப்பட்டது மூன்றாமவருடையதா என்று முதலில் பார்க்க வேண்டும்.