ஐந்தடி கிழக்கே

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து மூன்று.

ராணுவத்தில் பாலம் போடும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் ஆவுடையப்பன். ஏதாவது ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியும் ஸ்டூலுமாக உட்கார்ந்துவிடுவார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவரோ பாளையங்கோட்டையில், கணினியில் கட்டடப் படம் வரையச் சொல்லித்தரும் ஒரு ஆட்டோகேட் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அங்கே சொல்லித்தந்தவர் ஜெசிந்தா. முதல் நாள் ஆவுடையப்பன் மவுஸைப் பிடித்த பிடியைப் பார்த்து, "அண்ணாச்சி, அது ஓடிராது. மெதுவாப் பிடிங்க" என்றார். அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்கு ஜெசிந்தா டீச்சர், ஜெசிந்தாவுக்கு அவர் அண்ணாச்சி. பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் வரைபடப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போனபோது, ஜெசிந்தா இவரையும் கூடவே அழைத்துக்கொண்டார்.

அந்த அலுவலகத்துக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில், இருக்கிற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் நான்கு மாடியில் புதிய கட்டடம். தூணுக்கு, உத்திரத்துக்கு, குழாய்க்கு, மின்கம்பிக்கு என்று தனித்தனியாக மொத்தம் முந்நூற்று எண்பத்தாறு வரைபடங்கள்.

அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு அடிப்படைப் படம் உண்டு. பழைய கட்டடம், புதிய கட்டடம் இரண்டிலும் எந்தத் தூண் எங்கே, எந்தச் சுவர் எங்கே என்று சொல்லும் படம். அதை ஒவ்வொன்றிலும் திரும்ப வரைய மாட்டார்கள். அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று முகவரி மட்டும் எழுதிவைப்பார்கள். ஒரு படத்தைத் திறந்தால், அது அந்த முகவரிக்குப் போய் அடிப்படைப் படத்தைக் கூட்டிவந்து தனக்கடியில் விரித்துக்கொள்ளும். அலுவலகத்தில் இதற்கு எக்ஸ்ரெஃப் என்று பெயர்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த அடிப்படைப் படம் மாறியது.

புதிய கட்டடத்துக்குத் தோண்டிய இடத்தில் தூர்ந்துபோன கிணறு ஒன்று வெளிப்பட்டிருந்தது. அதன்மேல் தூண் நிறுத்த முடியாது. கட்டடம் ஐந்தடி கிழக்கே தள்ளிப் போகட்டும் என்று முடிவாகி, சென்னையிலிருந்து ஆர்க்கிடெக்ட் புதிய பெயரில் புதிய அடிப்படைப் படத்தை அனுப்பிவிட்டார். இனி எல்லாப் படங்களிலும் பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, இணைப்புப் பாதைக்காகப் பழைய கட்டடத்தின் ஓரச் சுவரை இடிக்கும் வேலை தொடங்குகிறது. அதற்குள் படங்கள் போய்ச் சேர வேண்டும்.

"வெள்ளிக்குள்ள நடக்கிற காரியமா இது?" என்று தலையில் கைவைத்தார் முதலாளி, எஞ்சினியர் சண்முகவேல்.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். பேச வேண்டுமென்றால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"சார், எனக்கு ஒரு நாள் குடுங்க."

இரண்டு மாதமாக டீச்சரிடம் அவர் ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். எல்லாப் படத்திலும் முகவரியைத் தானாக மாற்றும் ப்ரோக்ராம் ஒன்றைத் திங்கள் முழுக்க எழுதினார். செவ்வாய் காலை பதினோரு மணிக்கு அதை ஓடவிட்டார். திரையில் படங்களின் பெயர்கள் மேலேறி மேலேறி மறைந்தன. அலுவலகமே அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. பதினேழு நிமிஷம். கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது: மாறியவை 386, பிழை 0.

கைதட்டினார்கள். சண்முகவேல் எல்லோருக்கும் டீயும் உளுந்த வடையும் வாங்கிவரச் சொன்னார். ஆவுடையப்பனுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடிவிட்டது. பனிமலையில் பாலம் போட்டதற்காகப் பதக்கம் குத்திய அன்றுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை.

வடையைக் கையில் வைத்துக்கொண்டே டீச்சரின் மேஜைக்குப் போனார்.

"டீச்சர், முந்நூத்தி எண்பத்தாறும் முடிஞ்சுது."

"பாத்தேன் அண்ணாச்சி. நல்லா எழுதியிருக்கீங்க." ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

"அனுப்பிரலாமா?"

"முதல்ல எது போகணும்?"

"இடிக்கிற படம். வெள்ளிக்கிழமை அதுதான் வேணும்."

"அதைப் பாத்தீங்களா?"

"முகவரி மாறியாச்சு டீச்சர். சோதிச்சுட்டேன்."

ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு, "அதுல ஒரு பிரின்ட் எடுங்க. போயிட்டு வந்துருவோம்" என்றார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

இரண்டு வண்டிகளில் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் ஜெசிந்தா பிரின்ட்டை விரித்து அவர் கையில் கொடுத்தார். பழைய கட்டடத்தின் அறைகள் கறுப்பிலும், இடிக்க வேண்டிய சுவர் சிவப்பிலும் இருந்தன.

"இப்ப நீங்க இடிக்கிற மேஸ்திரி. உங்க கையில இந்தப் படம் மட்டும்தான் இருக்கு. சிவப்புல இருக்கிற சுவர் எதுவோ, அதுமேல போய்க் கை வைங்க."

இது என்ன விளையாட்டு என்று நினைத்தாலும் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். படத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். மருந்து கொடுக்கும் ஜன்னல். ஊசி போடும் அறை. வலதுபக்கம் திரும்பினால் நடை. சுவர்களை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கை வைத்தார். சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று அழுதது. "ஓ ஓ ஓ, இல்லடா இல்லடா" என்று ஒரு பெண்குரல் சமாதானம் சொன்னது.

ஆவுடையப்பன் கையை எடுத்தார். திரும்ப மருந்து ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். அதே சுவர். பக்கத்துக் கதவுக்கு மேலே பலகை இருந்தது: பச்சிளங்குழந்தைகள் பிரிவு.

அவர் மெல்லத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால், ஐந்தடி அகல நடையைத் தாண்டி, வெளிச்சுவர் இருந்தது. இடிக்க வேண்டியது அது. போன மாதம் அந்தச் சுவரின்மேல்தான் அவரே சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"டீச்சர், நான் கோடு போட்டது அந்தச் சுவர்மேல."

"உங்க கோடு நகரல அண்ணாச்சி."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோடு அவருடைய படத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. அடியில் விரித்திருந்த கட்டடம்தான் நகர்ந்துவிட்டது. புதிய கட்டடத்தைத் தள்ளியவர்கள், அதே படத்தில் இருந்த பழைய கட்டடத்தையும் சேர்த்தே ஐந்தடி கிழக்கே தள்ளியிருந்தார்கள். நடையின் வெளிச்சுவர் தள்ளிப் போக, குழந்தைகள் இருக்கும் அறையின் சுவர் வந்து சிவப்புக் கோட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

"நிக்கிற கட்டடம்லா டீச்சர் இது! இது எப்படி நகரும்?"

ட்ராலி தள்ளிக்கொண்டு வந்த ஆயா, "ஓரமா நில்லுங்க சார்" என்றாள். ஓரமாக நின்றார்கள்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது ஆவுடையப்பன் சொன்னார்:

"இந்த ஒரு படத்தைப் பழைய முகவரிக்கே திருப்பிருதேன்."

"ஒண்ணுதானா?"

மாறியவை எத்தனை என்று ப்ரோக்ராம் எண்ணிச் சொல்லியிருந்தது. மாறக்கூடாதவை எத்தனை என்று அதை அவர் கேட்கவே இல்லை.

புதன்கிழமை காலை எழுந்து நின்று, "சார், படங்களை நிறுத்தி வைங்க" என்றார். சண்முகவேலுக்கு முகம் மாறிவிட்டது.

"முடிஞ்சுதுன்னுல்லா நேத்து வடை தின்னோம்?"

"மாத்துறது முடிஞ்சுது சார். பாக்கிறது இன்னும் தொடங்கல."

சண்முகவேல் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா தலையசைத்தார்.

முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார் ஆவுடையப்பன். திறப்பார். கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இந்தப் படம் இனிமேல் வரப்போகிற கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறதா, ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறதா என்று பார்ப்பார். பிறகு அடுத்தது. சாப்பாட்டுக்குக்கூட இடத்தை விட்டு எழவில்லை. டிபன் பாக்ஸை மேஜையிலேயே திறந்தார். புதன் சாயங்காலம் இருநூற்றுப் பத்து படங்கள் முடிந்திருந்தன. பழைய கட்டடத்தின் சாக்கடைப் படம், பழைய மின்பெட்டிப் படம், போர்வெல் படம் என்று ஆறு அகப்பட்டன. வியாழன் காலை மேலும் மூன்று.

வியாழன் மதியம், மிச்சமிருந்த கடைசிப் படம் ஒன்றில் வந்து நின்றுவிட்டார். பழைய கட்டடத்தையும் புதியதையும் இணைக்கும் கூரை போட்ட பாதை அது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் வழி. பழைய முகவரியைப் போட்டால் ஒரு முனை சரியாக இருக்கிறது, மறு முனை தப்பு. புதியதைப் போட்டால் மறு முனை சரி, இந்த முனை தப்பு. மூன்று மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் இரண்டு அடிப்படைப் படங்களையும் ஒன்றாக அடியில் விரித்தார். பழைய கட்டடத்தைப் பழையதிலிருந்து எடுத்துக்கொண்டார், புதிய கட்டடத்தைப் புதியதிலிருந்து.

பாதை, புதிய கட்டடத்தின் வாசலுக்கு ஐந்தடி முன்னாலேயே அந்தரத்தில் முடிந்துவிட்டது.

"டீச்சர்" என்று கூப்பிட்டார்.

ஜெசிந்தா வந்து குனிந்து பார்த்தார். நேரே போய்ச் சண்முகவேலைக் கூட்டிவந்தார். சண்முகவேல் பார்த்தார், நின்ற இடத்திலேயே சென்னைக்குப் போன் போட்டார். இருபதடிக்குக் கணக்குப் போட்ட கூரை இனி இருபத்தைந்தடிக்கு வேண்டும், கம்பியும் மாறும், நடுவில் ஒரு தூணும் வேண்டும். பிறகு, "யார் சார் பாத்தது இதை?" என்று ஆர்க்கிடெக்டின் குரல் போனிலிருந்து அறை முழுக்கக் கேட்டது.

"எங்க ஆவுடையப்பன்" என்றார் சண்முகவேல்.

ஆவுடையப்பன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

அந்தப் பாதையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, பழைய முகவரியிலேயே இருக்க வேண்டிய பத்துப் படங்களின் பெயர்களையும் ப்ரோக்ராமில் எழுதி, மறுபடி ஓடவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் படங்கள் போயின. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஆஸ்பத்திரியில் நின்றார்கள். குழந்தைகளின் அறை ஜன்னல்களை ஈரப்போர்வை கட்டி மூடியிருந்தார்கள். இயந்திரம் உறுமிக்கொண்டு வந்து நடையின் வெளிச்சுவரில் முட்டியது. சுவர் ஒருமுறை அசைந்து, பிறகு அப்படியே சரிந்தது. தூசி அடங்கியபோது, ஐந்தடி தள்ளி அந்த அறையின் சுவர் சுண்ணாம்பு உதிராமல் நின்றுகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் போர்வையை விலக்கி எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் கைகளைப் பின்னால் கட்டி, கால்களை அகட்டி, அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றார். பதினொரு பாலம் போட்டவர் அவர். போட்ட ஒவ்வொன்றின் மேலும் நின்று பெருமைப்பட்டிருக்கிறார். தான் கட்டாத ஒரு சுவர், இடியாமல் நிற்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆனாலும் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"பேசாம ஆளுக்கு நூறு படம்னு நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுத்து, கையாலயே மாத்தச் சொல்லியிருந்தா? அவங்க ஒவ்வொரு படத்தையும் தெறந்துதானே ஆகணும். இதெல்லாம் அவங்க கண்ணுல அப்பவே பட்டிருக்கும்லா? நான்தான் ப்ரோக்ராம், ப்ரோக்ராம்னு..."

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் தூசியைத் துடைத்தார்.

"பட்டிருக்காது அண்ணாச்சி."

"ஏன் டீச்சர்?"

"அவங்க நாலு பேரும் மாத்திக்கிட்டுல்லா இருந்திருப்பாங்க."