கடமான் நீதிபதியும் முள்ளம்பன்றியின் வழக்கும்

ஆலங்காட்டில் ஒரு கடமான் நீதிபதியாக இருந்தது. குளக்கரைப் பாறைமேல் நின்று வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. தீர்ப்புச் சொன்ன நீதிபதியை யாரும் தண்டிக்கக் கூடாது. அவர்மேல் புகார் சொல்லவும், சொன்ன தீர்ப்பை மாற்றவும் கூடாது. வழக்கில் தோற்ற புலி ஒன்று, முன்பிருந்த நீதிபதியின் காலை ஒடித்துவிட்டது. அதன் பிறகு விலங்குகள் கூடிப் போட்ட சட்டம் அது. நீதிபதி பயமில்லாமல் நியாயம் சொல்ல வேண்டுமே!

தொடக்கத்தில் கடமான் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டது. போகப் போக, தன்னைக் கேட்க ஆளில்லை என்பது அதற்குப் பழகிப்போயிற்று.

ஒரு நாள் நரி வந்தது. "ஐயா, நாவல் மரத்தடி வளை என்னுடையது. முள்ளம்பன்றி அதில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது!"

முள்ளம்பன்றியை அழைத்துவரக் குரங்கு போயிற்று. தனியாகத் திரும்பி வந்தது.

"ஐயா, அது நேற்றுத்தான் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. நாளைக்கு வருகிறேன் என்றது."

வெயில் கொளுத்தியது. கடமானுக்குச் சேற்றில் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"நாளை வரை யார் காத்திருப்பது? வளை நரிக்கே! எல்லாரும் போங்கள்!"

அன்று மாலையே முள்ளம்பன்றியை வளையிலிருந்து துரத்திவிட்டார்கள். அது குட்டிகளை ஓடைக்கரைப் பொந்தில் வைத்தது. மறுநாள் பெருமழை. வெள்ளம் ஒரு குட்டியை அடித்துக்கொண்டு போய்விட்டது.

முள்ளம்பன்றி நனைந்தபடி பாறைக்கு வந்தது. "இப்போதாவது என் பேச்சைக் கேளுங்கள்!"

"தீர்ப்புச் சொல்லியாயிற்று."

"அது தப்பான தீர்ப்பு என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?"

"யாரிடமும் சொல்ல முடியாது. சட்டம் அப்படி" என்றது கடமான். ஆனால் முள்ளம்பன்றியின் முகத்தை அதனால் பார்க்க முடியவில்லை.

கடமான் திரும்பும் வழியில் நரி எதிரே வந்தது. "ஐயா, உங்கள் புண்ணியம்! அந்த வளைக்குள் நான் கால் வைத்ததே நேற்றுத்தான். உள்ளே எவ்வளவு வசதி!"

"அப்படியானால் என்னிடம் பொய்யா சொன்னாய்?"

"சொன்னேன். இனி அதை யாரால் மாற்ற முடியும்?" நரி சிரித்துக்கொண்டே போயிற்று.

கடமான் தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனது. விலங்குகள் எல்லாம் தலை வணங்கி வழிவிட்டன. அதற்கு உடம்பு கூசியது. குடிக்காமலே திரும்பிவிட்டது.

மறுநாள் காட்டுச் சபையைக் கூட்டி, நடந்ததையெல்லாம் தானே சொன்னது. "சோம்பலில் தீர்ப்புச் சொன்னேன். ஒரு குட்டி செத்துப்போயிற்று. என்னைத் தண்டியுங்கள்!"

சபைத் தலைவரான யானை தயங்கியது. "சட்டம் இடம் தரவில்லையே..."

முள்ளம்பன்றி முன்னால் வந்தது. "இவரைத் தண்டித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? தோற்றவர்கள் எல்லாம் நீதிபதியை அடிக்கலாம் என்றால் நாளைக்குப் புலிதான் ஜெயிக்கும். இவரை அடிக்க வழி கேட்கவில்லை. என் வழக்கை வேறு யாராவது கேட்க ஒரு வழி வேண்டும். கேட்காமல் தீர்ப்புச் சொல்பவரைப் பதவியிலிருந்து இறக்கவும் ஒரு வழி வேண்டும்."

அந்தச் சட்டத்தைப் போட்டபோது சபையிலிருந்த ஒவ்வொரு விலங்கும் கை தூக்கியிருந்தது. யானையும் தலையைக் குனிந்துகொண்டது.

அன்றே சட்டம் திருத்தப்பட்டது. சபை தேர்ந்தெடுத்த மூன்று பேர் வழக்கை மறுபடி விசாரித்தார்கள். நரியும் வந்தது, முள்ளம்பன்றியும் வந்தது. வளை முள்ளம்பன்றிக்குக் கிடைத்தது. கடமான் பதவியை இழந்தது.

"என்னை மன்னித்துவிடு" என்றது கடமான்.

"முடியவில்லை" என்றது முள்ளம்பன்றி. மிஞ்சிய ஒரு குட்டியை அணைத்துக்கொண்டு நடந்தது.

கடமான் அது போவதைப் பார்த்தபடி அங்கேயே நின்றது.

நீதிபதிக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் அவர் தவறினால் முறையிட ஓர் இடம் இல்லாத ஊரில், அந்தத் தவறு எல்லாருடையதும் ஆகிவிடும்.