சாவு வீட்டில் நடந்த கேமராச் சண்டை

"சாவு வீடுன்னு கூடப் பார்க்காம, அத்தனை பேர் முன்னாடி என் கேமராவைக் கேவலமாப் பேசிட்டான், டீச்சர்."

உலகநாதன் செருப்பைக் கழற்றாமலேயே ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை.

பெர்னத் டீச்சர் நிமிரவில்லை. பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வெளிச்சம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். உலகநாதனைவிட ஆறு வயது சின்னவர். ஆனாலும் உலகநாதனுக்கு அவர் டீச்சர்தான்.

"யார் பேசினது?"

"சேர்மக்கனிதான், வேற யாரு? நாலு வருஷமா நான் கேனான்ங்கிறேன், அவன் நிக்கான்ங்கிறான். இன்னைக்குச் சட்டையைப் பிடிச்சுட்டான்."

"நீங்க?"

"நானும் பிடிச்சேன்."

"யாரோட சாவு?"

"மாசானம். கரும்புச்சாறு வண்டி போட்டிருந்தாரே, அவர்தான். அதை விடுங்க டீச்சர். எது நல்ல கேமரான்னு நீங்க ஒரு முடிவு சொல்லணும். நீங்க சொன்னா அவன் வாயை மூடிடுவான்."

கத்தரி நின்றது.

"எதை விடச் சொல்றீங்க?"

உலகநாதனுக்குக் கேள்வி புரியவில்லை.

டீச்சர் கத்தரியை மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை தவறாம மாசானம் வண்டிகிட்ட நின்னு ரெண்டு பேரும் சோதனைப் படம் எடுப்பீங்கள்ல? அத்தனையும் கொண்டு வாங்க. சேர்மக்கனியையும் வரச் சொல்லுங்க. வியாழக்கிழமை காலையில."

"முடிவு சொல்வீங்களா?"

"வாங்க."

*

வியாழக்கிழமை இரண்டு லேப்டாப்புகள் வந்தன. கொண்டு வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார வைக்கும் ஸ்டூலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இவங்க இசக்கியம்மாள். மாசானத்தோட வீட்டுக்காரம்மா," என்றார் டீச்சர்.

மூன்று நாள் முன்னால்தான் அவர் வீட்டு வாசலில் இருவரும் கட்டிப் புரண்டிருந்தார்கள். இருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை.

"பதினாறாம் நாளுக்குப் படம் பெருசு பண்ணணும்னு வந்திருக்காங்க. கல்யாணப் படம் வெள்ளத்துல போயிருச்சு. மிச்சம் இருக்கிறது இதுதான்."

டீச்சர் ஒரு வாக்காளர் அட்டையை மேஜைமேல் வைத்தார். தண்ணீரில் ஊறிக் காய்ந்த அட்டை. முகம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கறை.

"அதான் உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். காட்டுங்க."

சேர்மக்கனி முந்திக்கொண்டார். "முதல்ல என்னோடதைப் பாருங்க டீச்சர்."

கரும்புச்சாறு அந்தரத்தில் துளித்துளியாக நின்றது. துளிகளை எண்ணலாம்.

"அடுத்தது."

உருளையில் ஒட்டிய சக்கை. நார் நாராக.

"அடுத்தது."

சக்கரத்தில் கட்டிய மணி. கிளாஸ் விளிம்பில் ஓர் ஈ. ஈயின் கண்.

"அடுத்தது."

ஒரு கை. கரும்பை மடித்துச் செருகும் கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, ஈரத்தில் படிந்த முடி.

"அவர் கைதான்," என்றார் இசக்கியம்மாள். "இந்த விரல் மிஷின்ல மாட்டினது."



"அடுத்தது," என்றார் டீச்சர்.

மறுபடி கை. முழங்கை. கழுத்துக்குக் கீழே பனியன். திரும்பி நிற்கும் முதுகு. மறுபடி துளிகள்.

"உலகநாதன், நீங்க."

அதே துளிகள். அதே மணி. அதே கை. உலகநாதனின் விரல் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனது.

"நிறுத்துங்க."

முன்னால் நுரை தளும்பும் கிளாஸ். ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால், புகைபோல, ஒரு முகம் இருக்கலாம்.

உலகநாதனின் நாக்கு பழக்கத்தில் பேசிவிட்டது. "பின்னாடி இருக்கிறது எப்படி மங்கலாக் கரைஞ்சிருக்கு பாருங்க டீச்சர். இந்த லென்ஸ்ல மட்டும்தான்…"



இசக்கியம்மாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இது அவரா?"

டீச்சர் மேஜையில் ஓங்கி அறைந்தார். கத்தரி கீழே விழுந்தது.

"எத்தனை படம்?"

"எனக்கு நாலாயிரம் இருக்கும்," என்றார் உலகநாதன்.

"எனக்கு மூவாயிரம்," என்றார் சேர்மக்கனி.

"ஏழாயிரம் படம்! ஈயோட கண்ணு இருக்கு! 'அண்ணாச்சி, ஒரு நிமிஷம் இப்படித் திரும்புங்க'ன்னு ஒரு தடவை சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வரலையா?"

சேர்மக்கனிக்கு ரோசம் வந்துவிட்டது.

"நீங்க எடுத்தீங்களா டீச்சர்? ஊர்ல இருக்கிற அத்தனை மூஞ்சியையும் எடுக்கிறவங்கதானே?"

டீச்சரின் முகம் சிவந்தது.

"இல்லை. எடுக்கலை. பத்து வருஷம் மத்தியானம் மத்தியானம் எனக்கு ஒரு கிளாஸ் கொண்டு வந்து கொடுப்பார். அந்த ஸ்டூலுக்குப் பக்கத்துல நின்னு காலி கிளாஸை வாங்கிட்டுப் போவார். உக்காருங்கன்னு நான் சொல்லலை. அந்த ஆத்திரத்துலதான் பேசுறேன். உங்க மேல மட்டும்னு நினைக்காதீங்க."

இசக்கியம்மாள் இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் உலகநாதனுக்குப் பயமாக இருந்தது.

"நுரை தெரியுது. கிளாஸு தெரியுது. மூஞ்சியை மட்டும் ஏம்யா அழிச்சிய?"

"அழிக்கலைம்மா. அது வந்து…" என்றார் உலகநாதன்.



இசக்கியம்மாள் டீச்சரைப் பார்த்தார்.

"இதைத் தெளிவாக்கித் தர முடியுமா டீச்சர்?"

"இவங்களைக் கேளுங்கம்மா," என்றார் டீச்சர். "ரெண்டு பேர்ல யாரோட கேமரா நல்லதுன்னுதான் அன்னைக்கு உங்க வாசல்ல சண்டை."

அந்த அம்மா உலகநாதன் பக்கம் திரும்பினார். பதிலுக்காகக் காத்து நின்றார்.